மூன்று வரி

தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் குருகுலம். குரு ஜெனிட்டாவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் செல்லையாவுக்கு ஐம்பத்தெட்டு, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று ஊர்தான் சிரித்தது, அவர்கள் இருவரும் கண்டுகொள்ளவில்லை.

ஜெனிட்டா பராமரித்துவந்த மென்பொருளுக்குச் 'செவிவழி' என்று பெயர். பார்வை இல்லாதவர்களுக்கு எழுத்தை வாசித்துக் காட்டும். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தத்தை மின்னஞ்சலில் மடற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். பல நாடுகளில் இருந்தும் அறுபது பேர் இருக்கும் அந்தக் குழு படித்து ஒப்புக்கொண்டால், சாவி வைத்திருக்கும் ஜெனிட்டா உள்ளே சேர்ப்பாள்.

புதன்கிழமை காலை படியேறி வந்தபோதே செல்லையாவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சர், என் திருத்தத்தை அனுப்பிப் பத்தொன்பது நாளாச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. நீங்களாவது படிச்சீங்களா?"

"ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. மதினி எப்படி இருக்காங்க?"

"அவளுக்காகத்தானே இம்புட்டும். வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வருது. சாவி உங்க கையில இருக்கு. உள்ள போட்டுருங்க."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி பொன்மணிக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் மின்னஞ்சலில் வந்த மருந்துச் சீட்டில் இருந்த '2.5 மில்லி'யைச் செவிவழி வாசித்தது. புள்ளி வந்ததும் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து, 'இரண்டு' என்று சொல்லி நின்றது. பிறகு 'ஐந்து மில்லி' என்றது. பொன்மணி ஐந்து மில்லி ஊற்றி வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். செல்லையா பாய்ந்து கையைப் பிடித்தார். வீட்டுக் கணினியை அன்றே சரிசெய்துவிட்டார். கையைப் பிடிக்க ஆள் இல்லாத வீடுகளை நினைத்துத்தான் அந்தத் திருத்தத்தைக் குழுவுக்கும் அனுப்பியிருந்தார்.

ஜெனிட்டா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவளே எழுதிய பதினான்கு வரித் திருத்தம் ஒன்று தயாராக இருந்தது. அவர் பார்க்கப் பார்க்க அதை மடற்குழுவுக்கு அனுப்பினாள்.

"சாவி வச்சிருக்க நீங்க எதுக்கு வாசல்ல போய் நிக்கீங்க?"

"படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் படித்தார். டீ ஆறுவதற்குள் தப்பு கண்ணில் பட்டது. அதை உள்ளே விட்டால், வாசிக்கக் கொடுத்த கோப்பு காலியாக இருக்கும்போது செவிவழி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுவிடும். பார்வை உள்ளவர்கள் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பொன்மணி கணினி செத்துவிட்டதோ என்று தட்டிக்கொண்டே இருப்பாள்.

அதற்காகக் குருவின் தப்பை அறுபது பேர் நடுவில் போட்டு உடைப்பதா? அவளுக்கு மட்டும் தனியாக எழுதினார். பதில் வரவில்லை. போன் செய்தார்.

"குழுவுக்கு எழுதுங்க அண்ணாச்சி."

"நல்லாருக்காது டீச்சர்."

"எனக்கு மட்டும் சொன்னா எனக்கு மட்டுந்தான் தெரியும்." வைத்துவிட்டாள்.

வியர்த்து விறுவிறுத்து, நான்கு தடவை மாற்றி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். அரை மணி நேரத்தில் மூன்று பதில்கள் வந்தன. யாரோ ஒரு பிரேசில்காரர், நல்லவேளை பார்த்தீர்கள் என்று எழுதியிருந்தார். ஜெனிட்டா நன்றி சொல்லி, சரிசெய்த திருத்தத்தை மறுபடி அனுப்பியிருந்தாள். அதன் அடியில் 'தவறைக் கண்டவர்: செல்லையா' என்றிருந்தது. பொன்மணி அந்த வரியைச் செவிவழியில் இரண்டு தடவை கேட்டாள்.

வியாழக்கிழமை செல்லையாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

"நான் சொன்னதை அரை மணி நேரத்துல ஒத்துக்கிட்டாங்க. அதே ஆளுங்கதான். என் திருத்தத்தை மட்டும் ஏன் படிக்க மாட்டேங்காங்க?"

"நான் அனுப்பினதை எவ்வளவு நேரத்துல படிச்சீங்க?"

"ஒரு டீ நேரம்."

"இப்ப உங்களோடதைப் படிங்க. நான் அனுப்பினதா நினைச்சுக்கிடுங்க."

திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு வரி. முதலில், நிரலில் தனக்குப் பிடிக்காத பெயர்களை எல்லாம் மாற்றியிருந்தார். அப்புறம் ஒழுங்கில்லாமல் கிடந்த இடைவெளிகளைச் சீராக்கியிருந்தார். நடுவில் வணக்கம் சொல்லும் குரலைக் கொஞ்சம் மென்மையாக்கியிருந்தார். எல்லாமே ஆசை ஆசையாகச் செய்த வேலைதான். புள்ளியைச் சரிசெய்த மூன்று வரியைத் தேடிக் கீழே போனார். மேலே வந்தார். மறுபடி கீழே போனார். எழுதியவருக்கே அகப்படவில்லை.

ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இதுல மதினி எங்க இருக்காங்க, அண்ணாச்சி?"

செல்லையா புள்ளிக்கான மூன்று வரியை மட்டும் தனியாக எழுதினார். புதிதாக ஒரு மடலைத் திறந்தார்.