திரைக்குள் சாப்பிட்ட அரண்மனை

கிண்ணமும் கையுமாகப் பிள்ளையின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். பிள்ளை எங்கேயும் போய்விடாது. உங்களுக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதஞ்சேரி என்றொரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கிழக்கு எல்லையில் சேவல் கூவினால் மேற்கு எல்லையில் ஆள் எழுந்துவிடுவான். அதை ஆண்டவர் நெடுங்கோ என்ற அரசர். அவருடைய அரசி பொன்னங்கோதை. ரொம்ப நாள் காத்திருந்து அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். செருவென்றான் என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் போர்க்களத்தில் வெற்றி பெற்ற பெயர். ஆளுக்கு இன்னும் நிற்கக்கூட வராது. எல்லோரும் குட்டன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த அரண்மனையில் ஒரு விநோத வழக்கம் உண்டு. ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. எந்தக் காலத்திலோ அந்த வம்சத்து அரசர் ஒருவர் விருந்தில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு, வயிற்றுவலி வந்ததும், "எவனோ கண் வைத்துவிட்டான்!" என்று சொல்லிவிட்டார். அளவு தெரியாமல் தின்றுவிட்டேன் என்று எந்த அரசர்தான் ஒப்புக்கொள்வார்? அன்று கட்டிய திரையை அப்புறம் யாரும் அவிழ்க்கவில்லை. அரசருக்கு ஒரு திரை, அரசிக்கு ஒரு திரை, அமைச்சருக்கு ஒரு திரை. பட்டத்து யானைக்குத் தீனி வைக்கும்போதுகூட நாலு பேர் சுற்றித் துணி பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பால்குடிப் பிள்ளைக்கு ஊட்டும்போது மட்டும் பார்க்கலாம் என்று ஒரு விலக்கு இருந்தது.

குட்டன் தாய்ப்பால் குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தான். கீழே இரண்டு பல் எட்டிப் பார்த்தது. நல்ல நாள் பார்த்து, மேளதாளத்தோடு முதல் சோறு ஊட்டினார்கள். உதட்டில் பட்ட வேகத்திலேயே துப்பினான். "புதுசுதானே, போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள். எங்கே பழகினான்? மாதங்கள்தான் போயின. பால் மட்டும் போதாத வயசும் வந்துவிட்டது. கன்னம் வற்றியது. கையில் போட்ட காப்பு கழன்று கழன்று விழுந்தது. பொன்னங்கோதைக்கும் ஓயாமல் பால் கொடுத்து உடம்பு துரும்பாகிவிட்டது. ஆனால் அவள் கவலை அதுவல்ல. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம், நேற்றைவிடக் கனம் குறைந்துவிட்டதோ என்று நெஞ்சு திக்கென்றது.

அரசர் மூன்று பேரைக் கூப்பிட்டார்.

முதலில் வந்தவர் தலைமைச் சமையல்காரர். பாசிப்பருப்புக் கஞ்சி, பாலில் மசித்த பழம், நெய் மணக்கும் குழைந்த சோறு என்று விதவிதமாகச் செய்து தங்கக் கரண்டியில் எடுத்துவந்தார். "ராசா, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினார். குட்டன் கரண்டியை வாங்கினான். அதில் தன் முகத்தைப் பார்த்தான். தரையில் தட்டிச் சத்தம் கேட்டான். கஞ்சி போன இடம் சமையல்காரரின் மீசை.

இரண்டாவது அமைச்சர் கோளரி. "பிள்ளை சிரித்தால் வாய் திறக்கும். திறந்தால் உள்ளே வைத்துவிடலாம்" என்று கோட்டையைப் பிடிக்கப் போகிறவர் மாதிரித் திட்டம் போட்டார். கிளி வந்தது, குரங்கு வந்தது, யானை வந்தது. குட்டன் கெக்கெக்கே என்று சிரித்தான். அமைச்சர் பாய்ந்து ஒரு கவளத்தை உள்ளே தள்ளினார். சிரிப்பு நின்றது. தூ! அமைச்சரின் நெற்றி முழுக்கப் பருப்பு. குரங்கு அதை வழித்துத் தின்னப் போக, "திரை! திரை!" என்று கத்திக்கொண்டு காவலர்கள் குரங்கைச் சுற்றித் துணி பிடித்தார்கள்.

மூன்றாவது அரண்மனை வைத்தியர் ஆதிச்சர். அவர் கொஞ்சவும் இல்லை, வேடிக்கை காட்டவும் இல்லை. "ரெண்டு பேர் கையைப் பிடியுங்கள். ஒருவர் தலையைப் பிடியுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சங்கால் கஞ்சியை ஊற்றினார். குட்டனுக்குப் புரையேறியது. முகம் சிவந்து, மூச்சுத் திணறி அலறினான். பொன்னங்கோதை ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சோறு ஊட்டுகிறீர்களா, சண்டை போடுகிறீர்களா?" என்று கத்தினாள். அன்றிலிருந்து குட்டன் கரண்டியைக் கண்டாலே வீறிட்டு அழுதான்.

வைத்தியர் தோற்றேன் என்று சொல்வாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அரசே, எல்லாம் தாய்ப்பாலால் வந்த வினை. தாயின் வாசனை மூக்கில் படுகிற வரைக்கும் இவன் சோற்றைத் தொடமாட்டான். மலையடிவாரக் கோட்டைக்குத் தனியாக அனுப்பிவையுங்கள். பால் மறந்தால் பசி வரும். பசி வந்தால் தானே தின்பான்."

அரசருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் பிள்ளை மெலிவதைப் பார்த்துப் பார்த்து ரொம்பவே பயந்துபோயிருந்தார். "நாளை உச்சிவேளைக்குப் பல்லக்கு புறப்படட்டும்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பொன்னங்கோதை குட்டனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். இறக்கி வைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம் அவளுக்கு. பால் கொடுத்துப் பார்த்தாள். முந்தின நாள் முழுக்க அவள் அழுதுகொண்டு பட்டினி கிடந்ததில் பால் சரியாகச் சுரக்கவில்லை. குட்டன் சிணுங்கினான். கடைசி நாளிலும் பிள்ளையைப் பசியோடு அனுப்புவதா? தான் ஒரு வாய் சாப்பிட்டாலாவது பால் ஊறுமே என்று நினைத்தாள்.

"சாத்தி!" என்று தோழியைக் கூப்பிட்டாள். "எனக்குச் சோறு கொண்டு வா."

"திரைக்குள்ளே எடுத்து வைத்திருக்கிறேன் அம்மா. குட்டனை என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் போய்..."

"யாரிடமும் கொடுக்கமாட்டேன். இங்கே கொண்டு வா."

"ஐயையோ, இங்கேயா? பிள்ளை கண்ணெதிரேயா? யாராவது பார்த்துக் கண் பட்டுவிட்டால்?"

"இருக்கிற ஒரே பிள்ளையைக் கொண்டுபோகப் போகிறார்கள். இதற்கு மேல் கண் பட என்னடி இருக்கிறது? கொண்டு வா!"

சாத்தி நாலு பக்கமும் பார்த்துவிட்டு இலை போட்டாள். பருப்பும் நெய்யும் விட்ட சோறு, குழைய வெந்த பூசணிக்காய். பொன்னங்கோதை ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் பிசைந்து சாப்பிட்டாள். நல்ல பசி. கண்ணீர் ஒரு பக்கம் வழிய, சோறு ஒரு பக்கம் இறங்கியது. அரசி என்பதையெல்லாம் மறந்து விரலைக்கூட நக்கினாள்.

சிணுங்கல் நின்றது. குட்டன் அண்ணாந்து பார்த்தான்.

அம்மாவின் வாய் அசைகிறது! பேசவில்லை, பாடவில்லை, முத்தம் கொடுக்கவில்லை, ஆனாலும் அசைகிறது! அதற்குள் ஏதோ போகிறது, போனது திரும்பி வரவில்லை! பிறந்ததிலிருந்து அவன் கண்டிராத அதிசயம் இது. யானை வந்தபோதுகூட அவன் இப்படி வாயைப் பிளக்கவில்லை.

அம்மாவின் கை இலைக்குப் போனால் அவன் கண்ணும் இலைக்குப் போயிற்று. கை வாய்க்கு வந்தால் கண்ணும் வாய்க்கு வந்தது. அவள் மென்றாள், அவன் வெறும் வாயை மென்றான். எச்சில் ஒழுகி மார்பை நனைத்தது. பொன்னங்கோதை இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் பார்வை வாசலிலேயே இருந்தது. வெளியே பல்லக்குத் தூக்கிகள் பேசும் குரல் கேட்டது. எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

குட்டன் இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஊட்டினால் துப்பிவிடுவானோ என்று பயந்து கையை அசைக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். குட்டன் சோற்றில் விரலை விட்டான். பிசைந்தான். கன்னத்தில் கொஞ்சம், காதில் கொஞ்சம், கடைசியில் வாயில் கொஞ்சம். முகத்தைச் சுளித்தான். சந்தேகத்தோடு அம்மாவின் வாயைப் பார்த்தான். அவள் அவசரமாக ஒரு வாய் போட்டு மென்று காட்டினாள். அவனும் மென்றான். விழுங்கினான். பிறகு இலையை நோக்கிப் பாய்ந்தான்.

அரசரும் அமைச்சரும் வைத்தியரும் உள்ளே வந்தபோது இளவரசர் இலைமேலேயே உட்கார்ந்திருந்தார். தலையில் பூசணிக்காய், வாயிலும் பூசணிக்காய்.

"யார் ஊட்டியது?" என்று அரசர் திகைத்துப்போய்க் கேட்டார்.

"யாரும் ஊட்டவில்லை. நான் சாப்பிட்டேன், பார்த்துவிட்டு அவனும் சாப்பிட்டான்." பொன்னங்கோதைக்குச் சொல்லும்போதே விஷயம் விளங்கிவிட்டது. "சோறு என்றால் என்ன என்று நாம் இவனுக்கு என்றைக்குக் காட்டினோம்? நாமெல்லாம் திரைக்குள் ஒளிந்துகொண்டு தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, இவனை மட்டும் தின்னு தின்னு என்றால்? நமக்கெல்லாம் வேண்டாத எதையோ தன் வாயில் திணிக்கிறார்கள் என்றுதானே நினைப்பான்?"

"இருந்தாலும் அந்தத் தாய்ப்பால்..." என்று வைத்தியர் ஆரம்பித்தார். குட்டன் அதற்குள் மடியில் புரண்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்திழுத்துப் பால் குடிக்கத் தொடங்கிவிட்டான். சோறும் வேண்டும், பாலும் வேண்டும் அந்தப் பேராசைக்காரனுக்கு!

"இவனை அனுப்பத்தான் வேண்டுமா?" என்று பொன்னங்கோதை கேட்டாள்.

அரசர் பல்லக்கைத் திரும்பிப் போகச் சொன்னார். மகுடத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சாத்தி, எனக்கும் இங்கேயே ஒரு இலை போடு. எனக்கும் நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் கணவர் சாப்பிடுவதைப் பொன்னங்கோதை பார்த்தது அன்றுதான். சப்புக் கொட்டிச் சாப்பிட்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டன் அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பினான். அப்பாவின் வாயும் அசைகிறதே! தவழ்ந்து போய் அவர் இலையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். போரில் வென்றவனுக்குக் கப்பம் கட்டுகிறவர் போல அரசர் இலையை அவன் பக்கம் நகர்த்திவிட்டார்.

ஆகவே கிண்ணத்தோடு ஓடுகிறவர்களே, பிள்ளை சாப்பிட வேண்டுமென்றால், அதை உட்காரவைத்து ஊட்டுவதற்கு முன்னால் அதோடு உட்கார்ந்து நாம் சாப்பிட வேண்டும்.