இருநூற்றைம்பது டன் தோணியும் ஒரு கயிறும்

“நிறை தெரியும், வேகம் தெரியும், உந்தம் தெரியும், விசை தெரியும். இதுகளுக்குள்ள என்ன உறவுன்னுதான் உடம்புக்குப் புரிய மாட்டேங்குது, தண்டல்.”

கேட்டவர் அருமைநாயகம். கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைசி வகுப்பில் ஒரு மாணவி, “சூத்திரம் வேண்டாம் சார், புரியுற மாதிரி சொல்லுங்க” என்று கேட்டுவிட்டாள். அப்படிச் சொல்லத் தெரியாத வெட்கத்தில்தான் தூத்துக்குடித் துறைக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான கஸ்பாரிடம் சேர்ந்தார். சரக்குத் தோணியை ஓட்டும் தலைவரை அங்கே தண்டல் என்பார்கள்.

கஸ்பார் தோணியைக் கட்டும் கயிற்றின் நுனியை அவர் கையில் திணித்தார்.

“கரையில நில்லும். சொன்னா பிடியும்.”

நான்கு மாதமாக இதே பதில். மனிதருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

அன்று தோணியை இடம் மாற்றிக் கட்ட வேண்டும். வயிறு நிறைய சிமென்ட். துறைச் சுவரை ஒட்டித் தவழ்கிற வேகத்தில்தான் வந்தது.

முன்னால் இன்னொரு தோணி நின்றது. அதன் பின்புறம் தோணித் தொழிலாளி ரொசாரி பலகையில் தொங்கிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கயிறு.

“கியர் விழலை!” தோணியிலிருந்து கஸ்பார் கத்தினார். “பின்னால எடுக்க மாட்டேங்குது. சார், பிடியும்!”

ரொசாரி திரும்பிப் பார்த்தார். பிரஷ் தண்ணீரில் விழுந்தது. இடுப்பு முடிச்சைப் பிய்த்தார், அது அவிழவில்லை.

அருமைநாயகம் இரும்புத் தூணில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை இழுத்து, காலை ஊன்றி நின்றார். இவ்வளவு மெதுவாக வருவதை நிறுத்த முடியாதா?

கயிறு விறைத்தது. மெலிந்தது. ஒரு புரி பட்டென்று தெறித்தது.

“விடும் சார்!”

விடுவதா? அங்கே ஒரு ஆள் தொங்குகிறார்!

“அறுந்தா அவன் செத்தான்! கொஞ்சங் கொஞ்சமா வழுக்க விடும்!”

உயிரே போகிற பயத்தோடு பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். தூணைச் சுற்றிக் கயிறு வழுக்கி ஓடியது. புகை வந்தது. உள்ளங்கை தீய்ந்தது. இரு கை விரித்த அளவில் ஒரு பாகம், இரண்டு பாகம், ஐந்து பாகம். ஓட்டம் சோர்ந்தது.

நின்றது.

தோணியின் மூக்குக்கும் ரொசாரியின் நெஞ்சுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. ரொசாரி விம்மி விம்மி அழுதார்.

கஸ்பார் கரையில் குதித்து, அருமைநாயகத்தின் உரிந்த கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“முதல்ல என்ன செஞ்சீரு?”

“இறுக்கிப் பிடிச்சேன். கயிறு அறப் பார்த்துச்சு.”

“அப்புறம்?”

அருமைநாயகம் தோணியைப் பார்த்தார். தூணைப் பார்த்தார்.

“நேரம் குடுத்து விட்டேன்,” என்றார். “கயிறு மேல விசை குறைஞ்சுது, தோணி நின்னுச்சு.”