ராஜாவின் காலைக் காப்பாற்றிய பலாப்பழம்

முன்னொரு காலத்தில், கடலோரத்துப் பவளக்கரை நாட்டை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நினைத்த நிமிஷத்தில் நடக்கவேண்டும். ஒருநாள், ஓடும் குதிரையின் முதுகில் நின்று காட்டுகிறேன் பேர்வழி என்று ஏறி, தலைகுப்புற விழுந்து, முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்துக்கொண்டான்.

மந்திரி இளஞ்சேந்தன் வைத்தியமும் படித்தவர். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, "அசையாமல் இருங்கள் பிரபு, சதை தானாக வளரும்" என்றார்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "தேர்த்திருவிழா வருகிறது. இந்தச் சதை என்ன தூங்குகிறதா?"

ராஜாவின் மைத்துனன் கஜபூபதிக்கு மந்திரி பதவி மேல் வெகுநாளாக ஒரு கண். "தூங்கத்தான் செய்கிறது, அத்தான்! கத்தியால் ஆழமாகக் கீறி மருந்தை உள்ளே திணித்தால் எழுந்துவிடும்" என்றான்.

இளஞ்சேந்தன் குறுக்கே வந்து நின்றார். கீறினால் சீழ் பிடிக்கும். காலே போகும், உயிரும் போகலாம்.

"வேண்டாம் பிரபு! நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றும் மதில் சூழ்ந்த குட்டிக் கோட்டை. காயம் பட்டால் உடம்பே தூதரை அனுப்பும். வளர்ச்சிக் காரணி என்று பேர். அந்தத் தூதர் உள்ளே போகவே வேண்டாம். மதிலைத் தொட்டாலே உள்ளே வேலை தொடங்கிவிடும்."

கஜபூபதி விழுந்து விழுந்து சிரித்தான். "உள்ளே போகாத தூதன் உள்ளே வேலை வாங்குவானாம்! நம் மடைப்பள்ளியில் செய்து காட்டட்டுமே. ஆளோ, ஓலையோ, குரலோ உள்ளே போகக்கூடாது. ஆனால் உள்ளே பாயசம் கொதிக்கவேண்டும்!"

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினான். "மந்திரியாரே, ஜெயித்தால் கத்தி வேண்டாம். தோற்றால் முத்திரை மோதிரத்தை இவனிடம் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டுப் போய்விடும்!"

மடைப்பள்ளி மதிலின் இந்தக் கோடியில் கொம்பன், அந்தக் கோடியில் வெள்ளையன் என்று இரண்டு காவலர்கள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே தொங்க உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே தொங்கும் காலில் சலங்கை. இரண்டு சலங்கையும் சேர்ந்து ஒலித்தால் விருந்தாளி வந்தாயிற்று என்று அர்த்தம். உள்ளே அடுப்பு மூட்டுவார்கள். கஜபூபதிக்கும் இது தெரியும். "தன் காலைத் தானே ஆட்டினவன் காலை வெட்டிவிடுவேன்!" என்று இருவரையும் மிரட்டிவைத்தான். இருவரும் சிலையாகிவிட்டார்கள்.

ராஜா பல்லக்கில் வந்து இறங்கினான். ஊரே கூடிவிட்டது. இளஞ்சேந்தன் முதலில் ஒரு மாம்பழக் கூடையைக் கழியில் கட்டி மதில்மேல் நீட்டச் சொன்னார். காவலர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கழற்றும் மோதிரத்தை!" என்று கூவினான் கஜபூபதி.

மந்திரி கலங்காமல், "எல்லாத் தூதருக்கும் எல்லாக் காவலரும் கை நீட்டமாட்டார்கள், பிரபு" என்றார். காவலர் இருவரும் பலாப்பழம் என்றால் உயிரை விடும் மலைநாட்டுக்காரர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு ஆளால் தூக்கமுடியாத பலாப்பழம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, மதிலின் நடுவில் நிறுத்தச் சொன்னார்.

வாசனை பரவியதுதான் தாமதம். இந்தப் பக்கமிருந்து கொம்பன் நகர்ந்தான். அந்தப் பக்கமிருந்து வெள்ளையன் நகர்ந்தான். இருவரும் ஒரே நேரத்தில் பழத்தைக் கட்டிப்பிடித்தார்கள்.

"எனக்குடா!"

"யாருக்குடா? விடுடா!"

கை நான்கும் பழத்தில். சண்டை போட மிச்சமிருந்தது உள்ளே தொங்கிய கால்தான். இவன் அவனை உதைத்தான், அவன் இவனை உதைத்தான். சலங்கைகள் கலகலவென்று அதிர்ந்தன.

உள்ளே தலைமைச் சமையற்காரர் கோவிந்தையன் குரல் கேட்டது: "விருந்தாளி வந்தாச்சு! அடுப்பை மூட்டு!" அடுப்பு மூட்டியவன் பால்காரனைக் கூப்பிட்டான், பால்காரன் அரிசி களைபவளைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் ஏலக்காய் மணம் மதிலைத் தாண்டி வந்தது. பழம் இன்னும் மதில்மேலேதான் இருந்தது!

கஜபூபதி குதித்தான். "மோசடி! இவர்கள் காலை ஆட்டினார்கள்!"

"நான் எங்கே ஆட்டினேன், எசமான்? இவன் உதைச்சான், ஆடிச்சு" என்றான் கொம்பன்.

"இவன் உதைச்சான், என் கால் ஆடிச்சுங்க" என்றான் வெள்ளையன்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"இதேதான், பிரபு" என்றார் இளஞ்சேந்தன். "உயிரணுவின் மதிலிலும் இப்படி ஏற்பிகள் உண்டு. ஒரு பாதி வெளியே, ஒரு பாதி உள்ளே. தனித்தனியாக இருந்தால் சும்மா இருக்கும். பொருத்தமான தூதர் வந்து இரண்டையும் சேர்த்துவைத்தால், உள்பாதிகள் ஒன்றையொன்று தட்டி எழுப்பும். சேதி கைமாறிக் கைமாறி ஓடும். உயிரணு வளர்ந்து இரண்டாகும். உங்கள் புண்ணுக்குள் இந்த நிமிஷமும் அதுதான் நடக்கிறது."

கஜபூபதி விடவில்லை. "அப்படியானால் ஓயாமல் தூதரை அனுப்பும்! நாளைக்கே ஆறட்டும்!"

"ஓயாமல் அடுப்பெரிந்தால் மடைப்பள்ளியே பற்றிக்கொள்ளும், பூபதி. ஓயாமல் வளரும் சதைக்குக் கட்டி என்று பேர். எப்போது நிறுத்துவது என்று உடம்புக்குத் தெரியும்."

காலைக் கீறக் கஜபூபதி கொண்டுவந்திருந்த கத்தியை ராஜா வாங்கி, பக்கத்திலிருந்த கிணற்றில் எறிந்தான். "மைத்துனா, திருவிழா முடியும்வரை வருகிற சனத்துக்கெல்லாம் நீயே பாயசம் பரிமாறு. முதல் குவளை இந்தக் காவலர்களுக்கு!"

தேரன்று கட்டை அவிழ்த்தார்கள். புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. ராஜா மெல்லக் காலை ஊன்றினான், நின்றான், நடந்தான். யாரையும் தாங்கவிடாமல் தேரடிவரை போய், வடத்தின் முன்தலையை இளஞ்சேந்தன் கையில் கொடுத்து, "இழும், மந்திரியாரே!" என்றான். மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜாவும் அவரும் தோளோடு தோள் நின்று இழுக்க, ஊர் இட்ட முழக்கத்தில் தேர் கிடுகிடுவென்று நகர்ந்தது.