பூண்டுத்தோல் வேலி

குளக்கரையில் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் கவட்டில் மருதாயி என்ற அணில் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் இன்னும் கண் திறக்காத குட்டிகள் மூன்று.

கொஞ்ச நாளாகவே மருதாயிக்குச் சரியான உறக்கம் இல்லை. கரைக்கு ஒரு சாரைப்பாம்பு வந்து சேர்ந்திருந்தது. முதலில் நொச்சிப் புதரில் இருந்த தவிட்டுக்குருவியின் முட்டைகள் காணாமல் போயின. பிறகு மாமரத்துப் புறாவின் குஞ்சு போனது. மாமரத்தை விட்டால் பக்கத்தில் நிற்பது புங்கமரம்தான்.

மருதாயி அழுதுகொண்டு உட்காரவில்லை. தென்னந்தோப்புக்கு ஓடி மட்டைகளிலிருந்து நார் உரித்து வந்தது. அதைக் குளத்து நீரில் நன்றாக ஊறவைத்தது. நார் ஊறினால்தான் முறுக்கும்போது அறுந்து போகாது. ஊறிய நாரைக் கயிறாகத் திரித்து அடிமரத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டது. அப்புறம் கருவேலங்குச்சிகளைக் கடித்து இழுத்து வந்து, முள் கீழே பார்க்கும்படி ஒவ்வொன்றாக அந்தக் கயிற்றில் செருகத் தொடங்கியது.

குளத்துப் பக்கம் முள் நிறைந்துவிட்டது. தோப்புப் பக்கம் மட்டும் இன்னும் மொட்டையாகக் கிடந்தது. மருதாயியின் வாயெல்லாம் கீறல். முன்னங்கால்களில் ரத்தம் கசிந்தது.

அப்போதுதான் மைனா பவுனு கிளையில் வந்து உட்கார்ந்தது.

பவுனுவைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் கிடையாது. தோப்போரத்து வீட்டின் சமையலறை ஜன்னலில்தான் அதற்குப் பாதிப் பொழுது போகும். உள்ளே பெண்கள் பேசிக்கொள்ளும் வீட்டுக் குறிப்புகளை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த நிமிடமே கரைக்குப் பறந்து வந்து சொல்லிவிடும். “படுக்கையில் காய்ந்த வேப்பிலையைப் போடுங்கள், பூச்சி அண்டாது!” என்று ஒருமுறை சொன்னது. புறா போட்டுப் பார்த்தது. பூச்சி அண்டவில்லை. “பொந்து வாசலுக்கு மேலே கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள், சாரல் அடிக்காது!” என்றது. அதுவும் பலித்தது. அதிலிருந்து பவுனு வாயைத் திறந்தால் கரை முழுக்கக் காது கொடுத்துக் கேட்கும். பவுனுவுக்கும் அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

“என்ன மருதாயி அக்கா, இப்படி ரத்தம் சிந்தி உழைக்கிறீர்களே!” என்று சிரித்தது பவுனு. “பாம்புக்குத்தானே? அதற்குச் சுலபமான வழி இருக்கிறது. பூண்டுத்தோலை மரத்தைச் சுற்றித் தூவிவிடுங்கள். அந்த நெடி பாம்புக்கு ஆகவே ஆகாது. எட்டிக்கூடப் பார்க்காது!”

மருதாயி முள்ளைக் கீழே வைத்தது. “நிஜமாகவா சொல்கிறாய்?”

“என் காதாலேயே கேட்டேன்! அந்த வீட்டு அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் அடித்துச் சொன்னாள். நானும் கரையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கௌதாரி நேற்றே தூவிவிட்டு நிம்மதியாக இருக்கிறாள்.”

மருதாயி தன் கால்களைப் பார்த்தது. செருக வேண்டிய முள்குச்சிகளைப் பார்த்தது. உடம்பு ஓய்வுக்குக் கெஞ்சியது. வேப்பிலை பலித்தது, கொட்டாங்குச்சி பலித்தது, இது மட்டும் பலிக்காதா என்று நினைத்தது. முள்வேலையை அப்படியே போட்டுவிட்டு, வீட்டுக் குப்பைமேட்டிலிருந்து பூண்டுத்தோலை வாய் வாயாக அள்ளி வந்தது. மாலைக்குள் மரத்தடி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் அது நிம்மதியாகக் கண்ணை மூடியது.

மறுநாள் வெயில் ஏறிய நேரம். பவுனு புங்கமரத்துக்கு வந்து, “பார்த்தீர்களா அக்கா, எவ்வளவு நிம்மதி!” என்று பேச்சை ஆரம்பித்தது. மருதாயி தோப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வால் விறைத்து நின்றது.

காய்ந்த சருகில் ஏதோ நகரும் சத்தம். சாரை தோப்புப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

“பயப்படாதீர்கள் அக்கா!” என்று பவுனு கிசுகிசுத்தது. “தோலுக்குப் பக்கத்தில் வந்ததும் திரும்பி ஓடுவான், பாருங்கள்!”

சாரை தோலுக்குப் பக்கத்தில் வந்தது. நின்றது. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது.

“யார் வீட்டில் சமையல்?” என்று நிதானமாகக் கேட்டது சாரை. “பூண்டு வாசனை தூக்குகிறதே! வாசல் தெளித்து என்னை விருந்துக்கு அழைத்தது போல இருக்கிறது!”

அப்படியே வழவழவென்று தோலின் மேல் ஊர்ந்தது. தோல்கள் சரசரத்து ஒதுங்கின. அவ்வளவுதான் அந்த வேலி.

பவுனு ‘கீச்’ என்று கத்திக்கொண்டு மேல்கிளைக்குப் பறந்துவிட்டது. மருதாயி கூட்டுக்கு ஓடியது. ஒரு குட்டியை வாயில் கவ்வி ஓடலாம். மற்ற இரண்டையும் என்ன செய்வது? எதை எடுப்பது, எதை விடுவது?

சாரை மரத்தடிக்கு வந்து, முள் செருகாத பக்கத்தைக் கண்டுகொண்டது. “அட, வழியும் விட்டு வைத்திருக்கிறாயே!” என்று அந்தப் பக்கமாக ஏறத் தொடங்கியது.

“அண்ணே! அண்ணே, குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை!” என்று மருதாயி கெஞ்சியது.

“அதனால் என்ன? என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டிய கஷ்டம் அவர்களுக்கு இல்லை.”

மருதாயி தலைகீழாக அடிமரத்தில் இறங்கி ஓடியது. நேராகத் தோப்புப் பக்கம் இருந்த கயிற்றின் முடிச்சுக்குப் போனது. சாரையின் தலை அதற்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. மருதாயி முடிச்சைக் கடித்தது. நன்றாக ஊறவைத்துத் திரித்த கயிறு, லேசில் அறுபடவில்லை. சாரை வாயைத் திறந்தது. அதன் மூச்சு மருதாயியின் மூக்கில் பட்டது. மருதாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு கடி கடித்தது.

கயிறு அறுந்தது! செருகியிருந்த கருவேல முள் அத்தனையும் கயிற்றோடு மரத்தைச் சுற்றி இந்தப் பக்கம் சரிந்து சாரையின் தலையிலும் கழுத்திலும் விழுந்தது. சாரை உடம்பை முறுக்கியது. முறுக்க முறுக்க முள் செதிலுக்கு அடியில் ஏறியது. பிடி நழுவித் தொப்பென்று தரையில் விழுந்தது.

கொஞ்ச நேரம் அது புரண்டு புரண்டு முள்ளை உதறியது. பிறகு தலையைத் தூக்கி மருதாயியைப் பார்த்தது.

“உன் மரம் எங்கேயும் போய்விடாது, அணிலே. பசி ஆறட்டும், அப்புறம் உன்னைக் கவனிக்கிறேன். இந்தக் கரையில் வீட்டுக்கா பஞ்சம்?”

சொல்லிவிட்டு இலந்தைப் புதர் இருந்த திசையில் ஊர்ந்து போனது. முள் குத்திய வலியில் அதன் வேகம் குறைந்திருந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

பவுனு மெல்லக் கீழே இறங்கி வந்தது. “அக்கா, நல்லவேளை… எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா சொன்னாளே…”

“அந்த அம்மா வீட்டுக்குப் பாம்பு வந்ததா? தோலைப் பார்த்துத் திரும்பிப் போனதா? நீ கண்ணால் பார்த்தாயா?”

“பார்க்கவில்லை.”

“அடி பாவி!” என்றது மருதாயி. அதற்குமேல் திட்டக்கூட நேரம் இல்லை என்பது அதற்குச் சட்டென்று உறைத்தது. “இலந்தைப் புதரில் யார் இருக்கிறார்கள்?”

பவுனுவின் குரல் இறங்கிவிட்டது. “கௌதாரி. குஞ்சு பொரித்து ஒரு நாள்தான் ஆகிறது. நான் சொன்னதை நம்பித் தோல் தூவியிருக்கிறாள்.”

“அப்படியானால் இன்னும் இங்கே என்ன பண்ணுகிறாய்? பறந்து போய்ச் சொல்லு!”

பவுனு அசையவில்லை. “நான் சொன்னது பொய் என்று நானே போய் எப்படி அக்கா சொல்வேன்? நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்? கரை முழுக்கச் சிரிக்குமே!”

“சிரிக்கட்டும்! சிரிக்கக் குஞ்சுகள் உயிரோடு இருக்கட்டும்! நான் குட்டிகளை விட்டு வர முடியாது. இறக்கை உனக்குத்தான் இருக்கிறது. போ!”

பவுனு ஒரு நொடி தலையைக் குனிந்தது. பிறகு விருட்டென்று பறந்தது.

மருதாயி உச்சிக்கிளைக்கு ஏறியது. அங்கிருந்து பார்த்தால் இலந்தைப் புதர் நன்றாகத் தெரியும். புதருக்கு வெளியே, பூண்டுத்தோல் வட்டத்துக்கு நடுவில், கௌதாரி வெயிலில் குஞ்சுகளோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. புல்லுக்குள் சாரை வருவது அதற்குத் தெரியவில்லை.

“ஓடு, கௌதாரி! குஞ்சுகளை முள்ளுக்குள் விரட்டு! பாம்பு வருகிறது!” என்று பவுனு கத்தியது.

கௌதாரி நிமிர்ந்து பார்த்தது. “வரட்டுமே! தோல்தான் இருக்கிறதே!”

“தோல் பலிக்காது! நான் சொன்னது தப்பு!”

“முந்தாநாள் நீதான் அடித்துச் சொன்னாய். இன்றைக்கு இல்லை என்கிறாய். விளையாடுகிறாயா மைனா? வெயில் காயும் நேரத்தில் குஞ்சுகளைப் பயமுறுத்தாதே!”

மருதாயி கிளையிலிருந்து தன் பலம் கொண்டமட்டும் கத்தியது. காற்று எதிர்த்து அடித்ததில் அந்தக் குரல் அங்கே போய்ச் சேரவில்லை. சாரையின் தலை புல்லை விட்டு வெளியே வந்தது. ஒரு குஞ்சு ஏதோ புழுவைத் துரத்திக்கொண்டு அதன் திசையிலேயே ஓடியது.

“நான் செய்து பார்க்கவில்லை, கௌதாரி!” என்று பவுனு அலறியது. குரல் உடைந்து போயிருந்தது. “ஜன்னலில் கேட்டதை அப்படியே சொன்னேன்! எல்லோரும் என்னை மெச்ச வேண்டும் என்று சொன்னேன்! மருதாயி அக்கா மரத்தில் இப்போதுதான் அவன் தோலைத் தாண்டினான்! என் கண்ணால் பார்த்தேன்!”

சொல்லி முடிப்பதற்குள் சாரை குஞ்சைக் குறிவைத்துப் பாய்ந்தது. பவுனு யோசிக்கவில்லை. கல் விழுவது போல வானத்திலிருந்து விழுந்து, சாரையின் கண்ணைப் பார்த்து ஒரு கொத்துக் கொத்தியது. சாரை சட்டென்று திரும்பிக் கவ்வியது. மருதாயி முகத்தை மூடிக்கொண்டது.

மறுபடி பார்த்தபோது பவுனு பறந்துகொண்டிருந்தது. வால் இறகு பாதி, சாரையின் வாயில் இருந்தது.

கௌதாரி அதற்குமேல் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஒரே ஒரு குரல்தான் கொடுத்தது. குஞ்சுகள் சிதறி ஓடி இலந்தை முள்ளுக்குள் புகுந்துகொண்டன. புழுவைத் துரத்தியதைக் கௌதாரியே உருட்டித் தள்ளி உள்ளே சேர்த்தது. சாரை புதருக்குள் தலையை விட்டது. ஏற்கெனவே முள் ஏறிய உடம்பில் இன்னும் முள் ஏறியது. மேலே பவுனு விடாமல் கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டுத் தவிட்டுக்குருவிகளும் காக்கைகளும் கூட்டமாக வந்து சாரையின் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கொத்தின. கடைசியில் சாரை தண்ணீரில் இறங்கியது. நீந்தி அக்கரை ஏறி, நாணலுக்குள் மறைந்தது. அதன்பிறகு அது இந்தக் கரைக்கு வரவில்லை.

அன்று பொழுது சாயும்வரை பவுனு ஓயவில்லை. எங்கெல்லாம் பூண்டுத்தோல் குறிப்பைச் சொல்லியிருந்ததோ, அங்கெல்லாம் பறந்துபோய் அது பொய் என்று சொன்னது. சில இடங்களில் சிரித்தார்கள். புறா மட்டும் சிரிக்கவில்லை. “என் குஞ்சு போன அன்றைக்கும் என் மரத்தடியில் உன் தோல் கிடந்தது. அதை நம்பி, பருந்துதான் தூக்கியிருக்கும் என்று நினைத்தேன்” என்றது. பவுனு தலைகுனிந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டது.

மருதாயி மறுபடி நார் உரித்து ஊறவைத்தது. இந்த முறை மரத்தை முழுவதுமாகச் சுற்றி முள் செருகியது. பவுனுவும் அலகில் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவந்து கொடுத்தது.

குட்டிகள் கண் திறந்து கிளையில் ஓடத் தொடங்கிய சமயம், ஒருநாள் மரங்கொத்தி வந்து, “பவுனு, என் பொந்துக்குள் செவ்வெறும்பு வருகிறது. என்ன செய்யலாம்?” என்று கேட்டது.

“வாசலில் மஞ்சள்தூள் போட்டால் வராது என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்கள்” என்று பவுனு ஆரம்பித்தது. உடனே நிறுத்திக்கொண்டது. “இரு. எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் முதலில் நான் போட்டுப் பார்க்கிறேன். பலித்தால் வந்து சொல்கிறேன். பலிக்காவிட்டாலும் வந்து சொல்கிறேன்.”

தான் செய்து பார்க்காத யோசனையை உறுதி என்று ஊருக்குச் சொல்கிறவர் அடுத்தவர் உயிரோடு விளையாடுகிறார். தவறு தெரிந்துவிட்டால், மானத்தைப் பார்க்காமல் ஓடிப்போய்த் திருத்துவதே நல்லவர் செய்ய வேண்டியது.