சேவல் வெயிலில் வைத்த மஞ்சள்

"எழுந்திருங்கடா! நரி வருது, ஓடுங்க!"

சேவல் கத்திப் பார்த்தது. ஒரு குஞ்சுகூட எழவில்லை.

நரி வரவில்லை. ஓடுகின்றனவா என்று சேவல் சோதித்ததுதான். ஒரு காட்டில் ஓட முடியாத குஞ்சுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு போயிருந்தன. நின்றால் விழுந்தன.

சேவல் மருந்து கேட்டு நேராகக் கரையான் புற்றுக்குப் போயிற்று.

"கிட்டே வராதே! நேத்து என் சித்தப்பாவைத் தின்னது நீதானே?" என்றது உள்ளிருந்து ஒரு கரையான்.

"இன்னைக்குத் தின்ன வரலை. குஞ்சுகளுக்குக் கால் சுருண்டுபோச்சு."

"அது சத்துக் குறைவு. மண்ணிலே ஒரு பூசணம் இருக்கு, நாங்க உள்ளே வளர்க்கிறோம். அதுக்குத் தீனி போட்டால் உயிர்ச்சத்தைச் சுரக்கும். ஒரு கட்டி தர்றேன். இனிமேல் இந்தப் புற்றைக் கொத்தக் கூடாது."

"கொத்த மாட்டேன்."

"விளாம்பழ ஓட்டுக்குள்ளே நசுக்கின பழத்தை வை. அதன்மேல் இந்தக் கட்டியைப் போடு. மூடி, இருட்டிலே வை. மஞ்சளானதும் ஊட்டு, அந்த மஞ்சள்தான் சத்து. வெயில் மட்டும் படக் கூடாது. பட்டால் சத்து போயிடும்."

சேவலுக்குச் சுருக்கென்றது. தினமும் தான் கூப்பிட்டுத்தான் சூரியன் வருகிறது என்பது அதன் எண்ணம். அந்தச் சூரியனையா ஒரு கரையான் குறை சொல்வது? கண்ணே இல்லாத பூச்சிக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்?

ஆனாலும் கட்டியை வாங்கிக்கொண்டது. பெட்டைக்கோழி அதைப் புதரடியில் மூடி வைத்தது. சில நாளில் ஓடு நிறைய மஞ்சள்.

"வாங்க, ஊட்டிடலாம்" என்றது பெட்டை.

"அவசரப்படாதே. கொஞ்சம் வெயில் காட்டினால் பொன்னாயிடும்."

"கரையான் வேண்டாம்னுச்சே?"

"அடியே, வெயில் படாமல் இந்தக் காட்டிலே எது வளர்ந்திருக்கு? சூரியன் நம்ம ஆளு!"

சேவல் ஓட்டைத் திறந்து பாறைமேல் வைத்தது. பக்கத்திலேயே நின்று ஒரு தடவை கூவவும் செய்தது.

சாயங்காலம் பார்த்தால் மஞ்சளைக் காணோம். வெளுத்துப்போன பூசணம்தான் கிடந்தது.

அதையே இரண்டும் ஊட்டின. குஞ்சுகள் ஆசையாகத்தான் தின்றன. மறுநாளும் தின்றன. ஒரு விரல்கூட நிமிரவில்லை.

அப்புறம் நரி வந்தது.

"எழுந்திருங்கடா! ஓடுங்க!"

இந்தத் தடவை சோதனை இல்லை. சேவல் கிளைக்குப் பறந்தது. பெட்டை குஞ்சுகளைக் கொத்தி எழுப்பப் பார்த்தது, சிறகால் மூடிப் பார்த்தது, கடைசியில் அதுவும் பறந்தது. குஞ்சுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

நரி போனதும் இரண்டும் இறங்கின; ஒரு குஞ்சும் மிச்சமில்லை. பிறகு பெட்டை கேட்டது:

"கரையான் உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?"

"இருட்டிலே வைக்கச் சொல்லுச்சு" என்றது சேவல்.

நீதி: சொன்ன பக்குவத்தை விட்டால், கையில் இருப்பது மருந்தல்ல.