பன்னீர் ரோஜாவுக்குக் கவாத்து

மட்டியேந்தல்காரர்களைப் பற்றி யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். குறைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த ஊரில் சொன்ன பேச்சைத் தட்டாதவன் என்று பேர் எடுத்தவன் சோணைமுத்து. ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வான். அங்கேதான் வம்பு.

திருவிழா அன்று அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் புதுச்சேலை கட்டி, சீவிமுடித்து, "என்னங்க, கோயிலுக்குக் கெளம்பணும். கடையில போயி தலைக்கு வைக்க ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க" என்றாள். ஓடினான். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். கையில் ஒரு தலையணை.

"இலவம்பஞ்சு. அமுக்கிப் பாரு" என்றான் பெருமையாக.

வெள்ளத்தாய் அமுக்கிப் பார்க்கவில்லை. துணிமணிகளைப் பையில் திணித்தாள். "கட்டிக்கிட்டு வந்த நாளா ஒரு பூ வாங்கிக் குடுத்த மனுசனாய்யா நீங்க? நம்ம வீட்டு வாசல்ல நீங்க வளத்து ஒரு பன்னீர் ரோசா பூக்கட்டும். அப்ப வாரேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சோணைமுத்துவுக்கு வீடு வெறிச்சோடிப் போனது. அவள் திட்டாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் கூட்டாளிகளிடம் ஓடினான்.

கூட்டாளிகள் மூன்று பேர். ராக்கப்பன்தான் அவர்களில் அறிவாளி. மதுரை பார்க்கக் கிளம்பி, வழி தெரியாமல் பாதியில் திரும்பி வந்தவன். பூவலிங்கம் எதையும் பேசி முடித்துவிட்டுத்தான் யோசிப்பான். கொண்டல்சாமி ஆடு மேய்க்கிறவன். தழை அறுக்க நீளக் கம்பு நுனியில் அரிவாள் கட்டிய தொரட்டி எப்போதும் அவன் தோளில் இருக்கும், சாப்பிடும்போதுகூட.

நால்வரும் நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரர் தங்கமான மனுஷர். ஒரு பன்னீர் ரோஜாக் கன்றைக் கொடுத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "வெயில் படுற எடமாப் பாத்துக் குழி எடுத்து, தொழு உரம் போட்டு நடுங்க. காலையிலயும் சாயந்தரமும் தண்ணி காட்டுங்க. மழைக்கு முன்னாடி மறக்காம கவாத்து பண்ணிருங்க. கவாத்து பண்ணாட்டி பூக்காது, ஆமா."

சோணைமுத்துவின் தோட்டம் என்பது வாசலுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு கட்டில் அளவு மண். அதில் குழி வெட்டினார்கள். மக்கிய சாண எருவைக் கூடையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"மொதல்ல தொழு, அப்புறம் உரம் போடு. அப்படித்தானே சொன்னாரு?" என்றான் ராக்கப்பன்.

கூடைக்கு முன்னால் நால்வரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்கள். கற்பூரம் கொளுத்தலாமா என்று பூவலிங்கம் கேட்டான். அதெல்லாம் நர்சரிக்காரர் சொல்லவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

"உரமும் போட்டாச்சு. அடுத்து?"

"நடுங்கன்னு சொன்னாரு."

"எதுக்குப்பா நடுங்கணும்?"

"அவரு படிச்சவரு. காரணம் இல்லாமலா சொல்வாரு? நடுங்குடா."

குழியைச் சுற்றி நின்று நடுங்கினார்கள். கொண்டல்சாமிக்கு மட்டும் நடுக்கம் சரியாக வரவில்லை. "ஒன் மாமியாவ நெனச்சுக்க" என்றான் ராக்கப்பன். உடனே பிரமாதமாக வந்தது. சோணைமுத்துவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெள்ளத்தாய் வராமலே போய்விட்டால் என்று நினைத்தான், பல் கிடுகிடுத்தது. கையிலிருந்த கன்று நழுவிக் குழிக்குள் நெட்டுக்குத்தாக இறங்கியது. நாலு ஜோடிக் கால்கள் உதறிய உதறலில் மண் சரிந்து குழியையும் மூடிவிட்டது.

மறுநாளிலிருந்து தண்ணி காட்டினார்கள். சோணைமுத்து செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துவந்து செடிக்கு முன்னால் நீட்டுவான். கொஞ்ச நேரம் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய்விடுவான். காலையில் ஒருமுறை, சாயந்தரம் ஒருமுறை, ஒரு நாள் தவறவில்லை. அப்படியும் இலை வாடித் தொங்கியது.

"நல்லாத்தானே காட்டுறேன்!" என்று கூட்டாளிகளிடம் முறையிட்டான் சோணைமுத்து.

"செம்புல காட்டுனா அதுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி டம்ளர்ல காட்டு" என்றான் பூவலிங்கம். அதையும் செய்தார்கள். செடி கண்டுகொள்ளவில்லை.

ராக்கப்பன் தாடையைச் சொறிந்தான். "பச்சப் புள்ளடா அது. தண்ணிய வச்சு என்ன பண்றதுன்னு தெரியல. நாம குடிச்சுக் காட்டுவோம்."

சோணைமுத்து செடிக்கு எதிரே குத்தவைத்து, "இங்க பாரு கண்ணு, இப்படித்தான்" என்று அண்ணாந்து ஊற்றினான். புரை ஏறிவிட்டது. வாயிலிருந்த அத்தனையும் புஸ்ஸென்று செடிமேல் போனது. மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்து அவர்கள் வாயில் இருந்ததும் அங்கேயே போனது. சாயந்தரம் பார்த்தால் இலை நிமிர்ந்திருந்தது.

"பாத்தியா, கத்துக்கிருச்சு!" என்றான் ராக்கப்பன். அன்று முதல் நால்வரும் தினம் இரண்டு வேளை வந்து புரையேறிவிட்டுப் போனார்கள். செடி தளதளவென்று வளர்ந்தது, ஆனால் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை.

வானம் கறுக்கத் தொடங்கியது. சோணைமுத்து கூட்டாளிகளைக் கூப்பிட்டான். "அடேய், மழை வரப்போகுது. கவாத்து பண்ணலையே!"

ரோஜாவுக்குக் கவாத்து என்றால் பழைய கிளைகளை வெட்டிவிடுவது என்று அந்த ஊரில் எவனுக்குத் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்த கவாத்து போலீஸ் மைதானத்தில் நடக்கிறது.

"ரோசாவுக்கு எதுக்குப்பா கவாத்து?" என்றான் கொண்டல்சாமி.

"முள்ளு வச்சிருக்குல்ல? ஆயுதம் வச்சிருக்கிறவன் எவனா இருந்தாலும் கவாத்து உண்டு" என்றான் ராக்கப்பன்.

"அது எப்படி நடக்கும்?"

"நாம நடப்போம். அது பாக்கட்டும்."

துப்பாக்கிக்குப் பதிலாக சோணைமுத்து உலக்கையைத் தோளில் சாத்தினான். பூவலிங்கம் குடை. ராக்கப்பன் விளக்குமாறு. கொண்டல்சாமி தொரட்டி. அந்தக் கட்டில் அளவு தோட்டத்தில் செடியைச் சுற்றி லெஃப்ட் ரைட் போட்டார்கள். லெஃப்ட் எடுத்து வைத்தால் சுவர், ரைட் எடுத்து வைத்தால் வேலி.

"பின்னால் திரும்பு!" என்று ராக்கப்பன் கத்தினான்.

நால்வரும் நாலு திசையில் திரும்பினார்கள். தொரட்டியும் திரும்பியது. சரக்கென்று ஒரு சத்தம். கிளையெல்லாம் தரையில் கிடந்தது. முழங்கால் உயரத்துக்குச் சில குச்சிகள் மட்டும் நின்றன.

"நான் சரியாத்தான் திரும்புனேன். செடிதான் திரும்பல" என்றான் கொண்டல்சாமி.

சோணைமுத்து மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "போச்சே, என் குடும்பம் போச்சே! இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளக் கூப்பிடுவேன்?" அவன் அழுததைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். பூவலிங்கம் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மொட்டை அடித்தால் சந்தனம் பூச வேண்டுமே என்று, வெட்டுப்பட்ட ஒவ்வொரு குச்சியின் தலையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினான்.

மழை கொட்டியது. மழை விட்டபோது குச்சிகளில் சிவப்புச் சிவப்பாகத் துளிர். பின்னே துளிர் கிளையானது, கிளை நுனியில் மொட்டு வந்தது. ஒருநாள் விடியும்போது வாசலில் ஒரு பூ அகலமாக மலர்ந்திருந்தது.

சேதி போனது. வெள்ளத்தாய் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக் கீழே வைத்தாள், பூவைப் பார்த்தாள், இளைத்துப்போன புருஷனைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனை விட்டுவிட்டு இத்தனை நாள் எப்படித்தான் இருந்தோமோ என்று இருந்தது. குனிந்து பூவை மோந்தாள்.

"ஆத்தாடி! என்னா வாசம்! ஆளையே தூக்குதே!"

சோணைமுத்து பாய்ந்து விழுந்து அவள் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்தான். "விடமாட்டேன்! இப்பத்தானே வந்தே!"

"அய்யய்ய, கால விடுங்க. நான் எங்கயும் போகல" என்றாள் வெள்ளத்தாய், வெட்கமும் சிரிப்புமாக.

"நீ போகமாட்டே தாயி, அது தூக்கிட்டுப் போயிரும்!" என்று அலறிக்கொண்டு ராக்கப்பன் சோணைமுத்துவின் இடுப்பைப் பிடித்தான். "டேய் கொண்டல்சாமி, என்னப் பிடிடா! மூக்க மூடு!"

கொண்டல்சாமி ஒரு கையால் மூக்கை மூடி, மறுகையால் ராக்கப்பனைப் பிடித்தான். "என்ன யாருப்பா பிடிக்கிறது?" என்று மூக்கால் கத்தினான்.

பூவலிங்கம் சாவகாசமாக நடந்து வந்தான். அவன் முகத்தில் ஒரு பயமும் இல்லை.

"எல்லாரும் என்னக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றான். "எனக்கு ஜலதோசம்."