விட்டில்கள் உறங்கும் மலை

"நீங்கள் போனாப் பிறகு எனக்கு வழி காட்ட ஆர் இருக்கினம்?" என்று கேட்டார் சிவகடாட்சம்.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. எதிரே இருந்த பூரணி அம்மைக்கு நாற்பத்து நாலு.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து முப்பது வருடம் ரயில் ஓட்டியவர் அவர். சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு முழம்கூட வண்டியை நகர்த்தியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. ஓய்வு பெற்ற மறுமாதமே பனிமலை அடிவாரத்தில் அம்மை இருந்த சின்னக் குடிலுக்குச் சீடராக வந்துவிட்டார். ஆறு வருடமாக எழுந்திருப்பதும் உட்காருவதும் அம்மையின் சொல்படிதான். எங்கே போனாலும் அம்மைக்கு இரண்டடி பின்னால்தான் நடப்பார்.

இப்போது அம்மைக்கு வைத்தியர்கள் கெடு சொல்லிவிட்டார்கள். வருகிற குளிர்காலத்தைக் காணமாட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் வெறும் விட்டில், அம்மா. நீங்கள்தான் விளக்கு. விளக்கு அணைஞ்சா விட்டில் என்ன செய்யும்?"

நம்மவர் வாயில் விட்டில் என்றால் விளக்கில் விழுந்து சாகிற மடப்பூச்சி. தன்னைத் தாழ்த்திக்கொள்ள அதைவிடத் தோதான பேர் அவருக்குக் கிடைக்கவில்லை.

 நாளைக்கு மலை ஏறவேண்டும், தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வையுங்கோ என்று மட்டும் அம்மை சொன்னார். இந்த உடம்போடு மலையா என்று அவர் முரண்டு பிடித்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

காலையில் ஏறினார்கள். எக்கிட்னா என்கிற முள் எறும்புதின்னி ஒன்று இவர்களைக் கண்டதும் முள்ளை விறைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது. வொம்பாட் என்கிற குட்டைக்கால் வளைப்பிராணி போட்டுவிட்டுப் போன சதுரம் சதுரமான விட்டையைப் பார்த்து அம்மை நின்று சிரித்தார். உலகத்தோடு ஒட்டாமல் தனியே கிடந்த கண்டம் அல்லவா, தன் பிள்ளைகளைத் தன் இஷ்டத்துக்குச் செய்துவைத்திருக்கிறது.

சிவகடாட்சத்துக்கு அதில் எதிலும் மனம் போகவில்லை. அம்மை மூச்சு வாங்குவதுதான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

உச்சிக்கு அருகே பாறையில் ஒரு வெடிப்பு. உள்ளே கும்மிருட்டு. அவர் டார்ச்சை எடுத்தார். அம்மை அதை உள்ளங்கையால் மூடினார்.

"கண் பழகட்டும்."

பழகியது. பாறைச் சுவர் அசைவதுபோல் இருந்தது. உற்றுப் பார்த்தார்.

பாறையே தெரியவில்லை. தரையிலிருந்து மேல்முகடு வரை பழுப்பு விட்டில்கள். விரற்கணு நீளம்தான் ஒவ்வொன்றும். கூரை ஓடுபோல ஒன்றின் இறகுக்குக் கீழே மற்றது தலையைச் செருகிக்கொண்டு, இலட்சக்கணக்கில், சத்தமில்லாமல் உறங்கிக்கொண்டிருந்தன. சிவகடாட்சத்துக்கு உடம்பு புல்லரித்தது. ஏனென்று தெரியாமலே கைகூப்பினார்.

அம்மை தாழ்ந்த குரலில் சொன்னார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, சமவெளி மண்ணில் புழுவாகக் கிடந்தவை இவை. இறகு முளைத்ததும் நட்சத்திரங்களைப் பார்த்துப் பறந்து, முன்பின் கண்டிராத இந்த மலைக்கு வந்து சேருகின்றன. கோடை முழுக்க உறக்கம். பிறகு வந்த வழியே திரும்பிப் போய், முட்டையிட்டுச் செத்துப்போகும்.

"அப்ப இதுகளை இங்க கூட்டிக்கொண்டு வந்தது ஆர்? தாயோ?"

"தாய் போன வருசமே செத்துப்போச்சு."

அவர் சுவரைப் பார்த்தபடியே டார்ச்சைப் பைக்குள் வைத்தார்.

வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அம்மை ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, நேற்று நான் என்னை விட்டில் எண்டு சொல்லிப்போட்டன். அடக்கமாச் சொன்னதா நினைச்சன். அது எனக்கு மிஞ்சின பெரிய பேர். திருப்பி எடுக்கிறன்."

"எடுக்கவேண்டாம்" என்றார் அம்மை. "இறங்கேக்க நீங்கள் முன்னால நடவுங்கோ."